டீகோட், கேஸ், சீல் இல்லாத கன்டெய்னர்

வணக்கம் அண்ணா,

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். பழைய ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். தரவைக் கேட்டு எடுக்கும் குவெரிகளில், ஒரு மதிப்பைப் பார்த்து விடையைத் தேர்ந்தெடுக்க ஆரக்கிளில் இருந்த டீகோடையெல்லாம், அதே வேலையைச் செய்யும் கேஸாக மாற்றிவிட்டேன். எரர் எதுவும் வரவில்லை. ஆனால் கேட் ரிப்போர்ட்டில் காலி கன்டெய்னர்கள் எல்லாமே ‘சீல் மாறியது’ என்று வருகின்றன. வாடகைத் தொகையும் பழைய ரிப்போர்ட்டைவிடக் குறைகிறது. இதைச் சரியாக மாற்றித் தரும் டூல் இருக்கிறதா? ரெண்டு நாளில் முடிக்கச் சொல்கிறார்கள்.

ஒரு வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

டூல் இருக்கிறது. ஓரா2பிஜி உங்கள் டீகோடை கேஸாக எழுதித் தரும். ஓராஃப்சி என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் டீகோட், காலிக் கட்டத்துக்கு மாற்று மதிப்பு தரும் என்விஎல் என்ற பெயர்களே போஸ்ட்கிரெஸிலும் கிடைக்கும். ஆனால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் உங்கள் யார்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த டூலுக்கும் தெரியாது. அதை கேட்டில் உட்கார்ந்து பதிவு போடுகிறவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் சீல் சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வாடகைச் சிக்கலுக்கும் யார்டின் விதியைக் கேட்டாக வேண்டும்.

முதலில் சீல், அதாவது பெட்டியின் கதவில் போடும் எண்ணுள்ள முத்திரை. பழைய குவெரி உள்ளே வந்த சீல் எண்ணையும் வெளியே போன சீல் எண்ணையும் டீகோடுக்குள் வைத்து, ஒன்றாக இருந்தால் ‘சரி’, இல்லையென்றால் ‘மாறியது’ என்று சொல்லியிருக்கும். காலி கன்டெய்னருக்கு சீல் கிடையாது, இரண்டு கட்டமும் நல், அதாவது மதிப்பே இல்லை. ஆரக்கிளின் டீகோட் இரண்டு நல்லைச் சமமாக எடுத்துக்கொள்ளும். அதனால் இத்தனை வருடம் ‘சரி’ என்றே வந்தது. நீங்கள் அதை கேஸில் சமக்குறி போட்டு எழுதியிருப்பீர்கள். நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் குவெரி மொழியான எஸ்க்யூஎல்லின் பதில் ‘தெரியாது’. ஆமாம் என்று வராததால் நேராக எல்ஸுக்கு, அதாவது ‘இல்லையென்றால்’ என்ற கிளைக்குப் போய்விடும். ஆரக்கிளிலேயே கேஸ் எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இது டீகோடுக்கு மட்டும் இருக்கும் பழக்கம்.

சமக்குறி இருக்கும் இடத்தில் ‘இஸ் நாட் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ என்று எழுதுங்கள், அது இரண்டு நல்லைச் சமமாக எடுத்துக்கொள்ளும், சரியாகிவிடும். டீகோடுக்குள் நல் என்று நேரடியாகவே எழுதியிருந்தால், கேஸில் ‘வென் நல்’ போடாதீர்கள், அந்தக் கிளைக்கு ஒரு வரிகூடப் போகாது. ‘வென் சீல் எண் இஸ் நல்’ என்று முழு நிபந்தனையாக எழுத வேண்டும். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. சீல் மாறியது என்ற ஒரு வரியால் ஒரு பெட்டி நிறுத்தப்படலாம், ஒரு டிரைவர் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

இதைவிட ஆபத்தானது இனிமேல் வரப்போகிறது. ஆரக்கிளில் ஒரு எழுத்துகூட இல்லாத வெற்றுச் சரமும் நல்லும் ஒன்று. போஸ்ட்கிரெஸில் அவை வேறு வேறு. பழைய தரவு நல்லாகவே வந்து இறங்கும், நீங்கள் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் ஒத்துப்போகும். மாறிய மறுநாள் கேட்டில் புதுப் பதிவு போடுவார்கள். சீல் கட்டத்தைக் காலியாக விட்டால் ஸ்கிரீன் வெற்றுச் சரத்தை அனுப்பக்கூடும். அப்புறம் ‘இஸ் நல்’ அதைப் பிடிக்காது, நல்லுக்கு மாற்று மதிப்பு தரும் கோலெஸும் பிடிக்காது. ஒவ்வொரு குவெரியிலும் வெற்றுச் சரத்தை நல்லாக்க நல்இஃப் போட்டுச் சமாளிக்கலாம்தான், எனக்கு அது பிடிக்காது. டேபிளிலேயே வெற்றுச் சரம் கூடாது என்று ஒரு செக், அதாவது பதிவைச் சோதிக்கும் விதி, வைத்துவிடுங்கள். நல் அதைத் தாண்டிப் போய்விடும், வெற்றுச் சரம் வாசலிலேயே நிற்கும். ஸ்கிரீன் எழுதியவர் அன்றைக்கே திருத்துவார்.

அடுத்து வாடகை. அந்தக் குவெரியில் டீகோடுக்குள், ஒரு எண் பூஜ்யத்தைவிடப் பெரிதென்றால் 1 தரும் சைன் இருக்கும் என்று நினைக்கிறேன்: இருந்த நாட்களில் இலவச நாட்களைக் கழித்து, சைன் 1 வந்தால் வாடகை, இல்லையென்றால் பூஜ்யம். டீகோடால் சமமா என்று மட்டும்தான் பார்க்க முடியும், பெரிதா சிறிதா என்று கேட்க முடியாது. கேஸ் எஸ்க்யூஎல்லின் 1992 தரத்திலேயே வந்துவிட்டது, ஆரக்கிளுக்கு 8ஐ பதிப்பின் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் எழுதியவர்கள் சைனை வைத்து அழகாகச் சமாளித்திருக்கிறார்கள். கேஸில் ‘நாட்கள் இலவச நாட்களைவிட அதிகம்’ என்று நேராக எழுதிவிடலாம்.

தொகை குறைவதற்குக் காரணம் தேதியாக இருக்கலாம். ஆரக்கிளின் டேட் வகையில் நேரமும் சேர்ந்திருக்கும், கழித்தால் பின்னத்தோடு நாள் வரும். போஸ்ட்கிரெஸின் டேட்டில் நேரம் கிடையாது, முழு எண்தான். காலை 9 மணிக்கு உள்ளே வந்த பெட்டி மூன்று நாள் கழித்து மாலை 6 மணிக்கு வெளியே போனால் பழைய கணக்கில் 3.375 நாள், புதிதில் 3. இலவச நாள் 3 என்றால் பழையதில் வாடகை உண்டு, புதிதில் இல்லை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கிற ஊரில் அந்தப் பின்னம் பெரிய காசு. நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்பாக மாற்றுங்கள். அப்போது கழித்தால் எண் வராது, இன்டர்வல் என்ற கால அளவு வரும், அதை எண்ணோடு ஒப்பிட்டால் எரர் அடிக்கும். அடிக்கட்டும், எங்கே திருத்த வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். ஆனால் அந்தப் பின்னத்துக்கு வாடகை வாங்குவதுதான் யார்டின் விதியா, பழைய குவெரியின் தற்செயலா என்று பில் போடுகிறவரிடம் கேட்டுவிட்டுத் திருத்துங்கள்.

சரிபார்க்க ஒரு வழி. ஒரு மாதத் தரவை அப்படியே நிறுத்திவைத்து, பழைய குவெரியின் விடையை போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிளாக ஏற்றி, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளைக் காட்டும் எக்ஸெப்ட்டை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். இரண்டும் காலியாக வர வேண்டும். அதோடு ஒவ்வொரு நிபந்தனைக்கும் நீங்களாகவே சில வரிகள் சேருங்கள்: நல் ஒன்று, எல்லைக்கு ஒன்று, எல்லையைக் கொஞ்சம் தாண்டி ஒன்று. மாதத் தரவில் இவை இல்லாமலே போகலாம்.

ரெண்டு நாள் போதாது. டீகோடை மாற்றுவதற்கு ஒரு நாள், காலிக் கட்டங்களைக் கேட்டு எழுத ஒரு வாரம் என்று மேலாளரிடம் பிரித்துச் சொல்லுங்கள், அந்தச் சீல் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

20 அடி, 40 அடி என்று பிரித்துக் கூட்டும் ரிப்போர்ட்டுகளில், கூட்டித் தரும் சம்முக்குள் டீகோட் இருக்கும். போஸ்ட்கிரெஸ் 9.4 முதல் அதற்கு, எந்த வரிகளைக் கூட்ட வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர் இருக்கிறது, படிக்கச் சுலபம். ஆனால் அந்த மாதம் 40 அடிப் பெட்டியே வரவில்லையென்றால் சம் ஃபில்டர் நல் தரும், எல்ஸ் பூஜ்யம் வைத்த பழைய டீகோட் பூஜ்யம் தந்திருக்கும். வெளியே ஒரு கோலெஸ் போட்டுக்கொள்ளுங்கள். இதை அடுத்த மாதம் செய்தாலும் போதும்.