மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தோட்டப் பெரியவர்கள் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலத்தைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

பயம்தான் முதல் காரணம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க என்று அவசரகாலம் வந்தது; 1960 வரை நீடித்தது. விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கலாம், நாடு கடத்தலாம் (எல்லாம் சட்டப்படிதான்!). தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அப்புறம் யார் பேசுவார்கள்?

துக்கம் வேறு வழியில் வரும். பிடித்துக்கொண்டு போனவர் எங்கே, எப்போது இறந்தார் என்றே தெரியாத வீட்டில் திதி கொடுக்க நாள் ஏது? தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் அவரையும் சேர்த்துக்கொள்வார்கள். வாழை இலையில் ஆட்டுக்கறி, பக்கத்தில் சுருட்டு, ஒரு கிளாஸ் ஸ்டவுட் (கறுப்பு பீர்). அன்றைக்குப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். "தாத்தா சங்கத்துல இருந்தாரா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்தச் சுருட்டு யாருக்குப் பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள்.