வாசகர் கேள்வி பதில்: அடைமழைக்கு என்ன படிக்கலாம்?

ஐப்பசி பொறக்கப் போகுது. இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல புத்தகத்தைப் பத்திதான், அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சிருக்கேன், பொறுத்துக்குங்க.

சமீபத்துல படிச்சதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது? பேரை மட்டும் சொல்லிட்டு விட்டுடாம ஏன் பிடிச்சதுன்னும் சொல்லுங்க.
வாசகி, மன்னார்குடி

இந்த வருஷம் நான் படிச்சது கொஞ்சம்தான்மா, ஆனா மூணு நாவல் இன்னும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. மூணுலயும் தண்ணி இருக்கு, நான் திட்டம் போட்டு எடுக்கல, அதுவா அமைஞ்சுது.

மொதல்ல அசோகமித்திரனோட 'தண்ணீர்'. 1973ல புத்தகமா வந்தது, சின்ன நாவல், ரெண்டு நாள்ல முடிச்சுடலாம். காலேஜ் படிக்கறப்போ ஒரு தடவை படிச்சிருக்கேன், அப்போ ஒண்ணும் பெருசா ஏறல. இந்த மே மாசம் எங்க தெருவுல போர்வெல் வத்திப்போயி மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி லாரி வந்துட்டு இருந்துச்சு பாருங்க, அப்போ மறுபடி எடுத்தேன். கதைல வர்ற அக்கா தங்கச்சி ஜமுனாவும் சாயாவும் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையற எடத்தைப் படிச்சுட்டு இருக்கேன், வெளிய லாரி ஹாரன் கேக்குது, புத்தகத்தைக் கட்டில்மேல கவுத்துப் போட்டுட்டு குடத்தோட ஓடினேன். திரும்பி வந்து ஈரக்கையைப் பொடவைல தொடச்சுக்கிட்டு விட்ட எடத்துலேந்து படிச்சப்போ அந்தக் கதை எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. அதுல வர்ற டீச்சரம்மா தன்னோட கஷ்டத்தைச் சொல்லி ஜமுனாவை அதட்டித் தேத்துவா பாருங்க, அழுகையே வந்துடுச்சு, எழுதினவர் அங்க ஒரு சொட்டு கண்ணீர் கூட நம்மகிட்ட கேக்கல, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அடுத்தது சோ. தர்மனோட 'சூல்', 2019ல சாகித்ய அகாடமி வாங்கின நாவல். உருளைக்குடி கண்மாய்தான் கதை. மனுஷங்க வர்றாங்க போறாங்க, கண்மாய் மட்டும் நிக்குது. மடையைத் தெறக்கறதுக்குன்னு ஒருத்தர், வயலுக்கு தண்ணியப் பங்கு வெக்கறதுக்குன்னு நீர்ப்பாய்ச்சி, கரம்பை மண்ணை அள்ளித் தூர் வார்றதுக்கு ஊரே கூடுறது, இப்படி ஒரு கண்மாயைச் சுத்தி எவ்வளவு வேலை, எவ்வளவு கட்டுப்பாடு, எவ்வளவு சாமி இருந்துச்சுன்னு படிக்கறப்போதான் எங்க ஊர் ஏரிக்கரைல சின்ன வயசுல பாத்த பல விஷயத்துக்கு எனக்கு அர்த்தமே புரிஞ்சுது. கரிசக்காட்டுப் பேச்சு, மொத முப்பது பக்கம் கொஞ்சம் மெதுவா போங்க, அப்புறம் அதுவே உங்களை இழுத்துட்டுப் போயிடும்.

மூணாவது தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்', 2023ல அகாடமி விருது. பேரு நம்ம கணியன் பூங்குன்றனார் பாட்டுலேந்து எடுத்தது. கொங்கு நாட்டுல ஒரு நாவிதர், காரு மாமா, அவர் சாவுக்குக் கூடுற சொந்தபந்தம், அவ்வளவுதான் கதை. எழவு வீட்டுல உக்காந்திருக்கறப்போ பழைய சண்டை, பழைய பாசம் எல்லாம் ஒண்ணொண்ணா மேல வருமே, அப்படியே இருக்கு.

மழைக்காலம் வந்தா எனக்குப் படிக்கணும்னு தோணும், ஆனா பத்து புத்தகம் லிஸ்ட் போட்டு ஒண்ணுமே முடிக்க மாட்டேன். இந்த வருஷம் நீங்க என்ன படிக்கப் போறீங்க?
வாசகர், திருப்பூர்

தம்பி, லிஸ்டைக் கிழிச்சுப் போடுங்க. நான் இந்த மழைக்கு ஒரே ஒரு பாட்டுதான் வெச்சிருக்கேன். நக்கீரர் பாடின 'நெடுநல்வாடை', பத்துப்பாட்டுல ஒண்ணு, மொத்தமே 188 வரி. ஒரு நாளைக்கு நாலு வரி வீதம் போனா 47 நாள். ஐப்பசி 1ஆம் தேதி ஆரம்பிச்சா கார்த்திகை பாதி தாண்டறப்போ முடிஞ்சிடும். அந்தக் காலத்துல ஐப்பசி கார்த்திகையை கூதிர் காலம்னு சொல்லிருக்காங்க, இந்தப் பாட்டு நடக்கறதும் அதே கூதிர் ராத்திரிலதான், அதாவது பாட்டுல பெய்யற மழையும் நம்ம ஜன்னலுக்கு வெளிய பெய்யற மழையும் ஒரே மாசத்து மழை.

சங்கப் பாட்டுன்ன உடனே பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணின பயம் வந்துடும், எனக்கும் இருந்துச்சு. போன வருஷம் கரண்டு போன ஒரு ராத்திரி எமர்ஜென்சி லைட்டு வெளிச்சத்துல சும்மா பொரட்டிப் பாத்தேன், அதுல ஒரு எடம். நாள் பூரா மப்பா இருக்கு, சூரியனையே காணோம், பகலா ராத்திரியான்னு தெரியல. பொம்பளைங்களுக்கு விளக்கேத்தற நேரம் எப்படித் தெரியுதுன்னா, பறிச்சு வெச்ச பிச்சி மொட்டு விரிஞ்சு வாசனை வருது, ஓ சாயங்காலம் ஆயிடுச்சுன்னு இரும்பு விளக்குல எண்ணெய்த்திரி போட்டு ஏத்தறாங்க. அதே வீட்டு எறவாணத்துல ஒரு ஆண் புறா இரை தேடவும் போகாம, ராவா பகலான்னு புரியாம, நின்னு நின்னு கால் கடுத்துப்போயி எடத்தை மாத்தி மாத்தி உக்காருது. எங்க பால்கனி ஏசி பொட்டிமேல மழைக்கு ஒதுங்கற புறா அச்சு அசலா அதையேதான் பண்ணும், ஒரு காலைத் தூக்கும், எறக்கும், அந்தப்பக்கம் நகரும், மறுபடி இந்தப்பக்கம் வரும். புத்தகத்தை மூடிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன், உக்காந்திருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷம் கிட்டக்க ஆகப்போற பாட்டுய்யா அது.

இன்னும் இருக்கு. வெயிலுக்கு விசிறின விசிறியைச் சுருக்கி மாட்டி வெச்சிருக்காங்க, அதுல சிலந்தி வலை கட்டிருக்கு. ஜில்லுன்னு இருக்கற தண்ணியைத் தொடறவங்க கிடையாது, எல்லாரும் நெருப்புச் சட்டிகிட்ட உக்காந்திருக்காங்க. காட்டுல மாடு மேய்க்கறவங்க நெருப்புல கையைக் காட்டிக் காட்டி கன்னத்துல ஒத்திக்கறாங்க, அப்பவும் பல்லு தந்தியடிக்குது. பால் குடிக்க வர்ற கன்னுக்குட்டியைப் பசுவே ஒதைச்சுத் தள்ளுது, அவ்வளவு குளிர். இவ்வளவையும் காட்டிட்டு அப்புறம்தான் அரண்மனைக்குள்ள கூட்டிட்டுப் போறார், அங்க புருஷன் போருக்குப் போயிட்டதால தூக்கம் வராம ராணி கெடக்கறா, கடைசில அப்படியே பாசறைக்குத் தாவுறார், அங்க அந்த ராஜாவும் தூங்கல, நடுராத்திரி தூறல்ல அடிபட்ட வீரங்களைப் பாத்துட்டு வர்றான், சேத்துத் தெருவுல குதிரைங்க மேல விழுந்த மழையை ஒதறிக்கிட்டு நிக்குதுங்க. ரெண்டு பேரும் சேந்தாங்களா இல்லையான்னு சொல்லாமயே பாட்டு முடியுது. அந்த முடிவை நெனச்சு நான் ரெண்டு நாள் வேற எதையும் கையில எடுக்கல.

எப்படிப் படிக்கணும்னா, பத்துப்பாட்டை உ.வே.சா. 1889லயே நச்சினார்க்கினியர் உரையோட பதிப்பிச்சுட்டார், ஆனா மொத தடவைக்கு அந்த உரை கடினமா இருக்கும், எளிய உரை போட்ட பதிப்பு நெறைய கெடைக்குது, அதுல ஒண்ணை வாங்கிக்குங்க. மொதல்ல உரையைப் படிங்க, அப்புறம் மூலத்தை வாய்விட்டுப் படிங்க. வாய்விட்டுங்கறது முக்கியம். நாலு வரிதானேன்னு ரயில்ல படிக்க வேணாம், ராத்திரி மழை சத்தம் கேக்கற எடமாப் பாத்து உக்காருங்க.

பொன்னியின் செல்வன் முடிச்சுட்டேன். அதே மாதிரி நீளமா, விறுவிறுன்னு, மழைல போத்திக்கிட்டுப் படிக்கற மாதிரி ஒண்ணு வேணும்.
வாசகர், சேலம்

அதே மாதிரின்னு கேட்டா கெடைக்காது, அந்த ருசியே வேற. ஆனா ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' இருக்கு, 1972ல வந்தது, அதைக் கையில எடுங்க. ரெண்டாம் உலகப் போர், இந்தோனேசியா, மெடான் நகரம், ஜப்பான் படை உள்ள வருது, அங்க செட்டியார் கடைங்கள்ல வேலை பாத்த நம்ம ஊர்ப் பசங்க மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. பாண்டியன்னு ஒருத்தன். அவன் தொங்கான்ங்கற பாய்மரக் கப்பல்ல கடல் தாண்டிப் போறப்போ புயல் அடிக்கும் பாருங்க, அந்தப் பக்கங்களை ஒரு தடவை மழை ராத்திரில படிச்சுட்டா அப்புறம் வானிலை அறிக்கைல 'காற்றழுத்தத் தாழ்வு'ன்னு கேட்டாலே அந்தத் தொங்கான்தான் ஞாபகம் வரும். வாக்கியங்கள் சின்னச் சின்னதா வெட்டி வெட்டி வந்து விழும், மலாய்ச் சொல், சீனச் சொல், மதுரைப் பேச்சு எல்லாம் கலந்து வரும், தூர தேசத்துல குண்டு விழுந்துட்டு இருக்கறப்போ அவன் மனசு சின்னமங்கலம் சந்தைக்குப் போயிடும். எழுதின சிங்காரம் மதுரைல தினத்தந்தில வேலை பாத்தவர், ரெண்டே நாவல்தான் எழுதினார், இன்னொண்ணு 'கடலுக்கு அப்பால்'. பொன்னியின் செல்வன்ல கெடைக்கற சொகம் இதுல இல்ல, ஆனா எனக்கு இதுதான் ஒரு படி மேல. சண்டைக்கு வராதீங்க, படிச்சுட்டு வாங்க.

அரையாண்டு லீவுக்கு என் பொண்ணுக்கு, ஆறாங்கிளாஸ் படிக்கறா, என்ன புத்தகம் வாங்கலாம்?
வாசகி, சிவகங்கை

உங்க ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு, உதயசங்கர் எழுதின 'ஆதனின் பொம்மை', கீழடியை வெச்சு எழுதின சிறார் நாவல், 2023ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது. படிச்சு முடிச்ச கையோட குழந்தையைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பக்கத்துலதானே இருக்கு. புத்தகம் முடியறவரைக்கும் எவ்வளவு பக்கம் ஆச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

வேலை, சமையல், பசங்க, மாமியார் மருந்து எல்லாம் முடிச்சு படுக்கறப்போ மணி பதினொண்ணு. நான் எப்போ படிக்கறது?
வாசகி, ஓசூர்

சகோதரி, உங்க லெட்டரைப் படிச்சுட்டு எனக்கு மனசே கேக்கல. நேரம் ஒதுக்குங்கன்னு சொல்றது சுலபம், உங்களுக்கு அது கெடையாதுன்னு தெரியுது. கி. ராஜநாராயணன் கதைங்க ஒரு தொகுப்பு வாங்கி அடுப்படி அலமாரில வெச்சுக்குங்க, கட்டில் பக்கத்துல வேணாம், அங்க போனா தூக்கம்தான் வரும். குக்கர் மூணு விசில் வர்ற நேரத்துல ரெண்டு பக்கம் ஓடும். அவர் எழுத்து யாரோ திண்ணைல உக்காந்து பேசற மாதிரி இருக்கும், நடுவுல விட்டுட்டுப் போனாலும் கோச்சுக்காது. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரமாவது பாத்திரத்தை வேற யாராச்சும் தேய்க்கட்டும், இதை வீட்டுல இருக்கற எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதறேன்.

போன மழைல ஜன்னல் வழியா சாரல் அடிச்சு புத்தகமெல்லாம் நனைஞ்சு போச்சு. நனைஞ்ச புத்தகத்தைக் காப்பாத்த முடியுமா?
வாசகர், கடலூர்

முடியும், மொத ரெண்டு நாள்ல கவனிச்சா. 2015 டிசம்பர்ல எங்க தரைத்தள வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்து கீழ் ரெண்டு தட்டு புத்தகமும் போச்சு, அப்போ கத்துக்கிட்டது இது. நனைஞ்சதை அழுத்திப் பிழியாதீங்க, ஒட்டிக்கிட்ட பக்கத்தைப் பிரிச்சு இழுக்காதீங்க, வெயில்ல வெக்காதீங்க, தாள் கோணிக்கிட்டு மொறுமொறுன்னு ஆயிடும். நெழல்ல, ஃபேனுக்கு அடில, புத்தகத்தை நிக்க வெச்சு பக்கங்களை விசிறி மாதிரி லேசா விரிச்சு விடுங்க. இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாளோ டிஷ்யூவோ சொருகி, ஈரமானா மாத்திக்கிட்டே இருங்க, கலர் பேப்பர் வேணாம், மை எறங்கும். நெறைய நனைஞ்சு உடனே பாக்க முடியலன்னா பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஃப்ரீஸர்ல வெச்சுடுங்க, பூசணம் பிடிக்காது, அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து காய வெக்கலாம். காஞ்சப்புறம் மேல கனமா எதையாச்சும் வெச்சா ஓரளவு படியும்.

அன்னிக்கு நான் காப்பாத்தினதுல ஒண்ணு கி. ராஜநாராயணனோட 'கோபல்ல கிராமம்'. இன்னிக்கும் அது மூடாது, உப்பிப்போயிதான் நிக்கும், ஒவ்வொரு பக்கத்தோட கீழயும் பழுப்பா ஒரு தண்ணிக்கோடு இருக்கும். 137 வயசு மங்கத்தாயாரு அம்மாள் ஊர்விட்டு ஊர் வந்த கதையைச் சொல்ற எடத்துல அந்தக் கோடு சரியா பாதிப் பக்கத்துல ஓடுது. புதுசு வாங்கித் தர்றேன்னு வீட்டுல சொன்னாங்க, வேணாம்னுட்டேன்.

ஜனவரி சென்னை புத்தகக் காட்சிக்கு மொத தடவையா வரப் போறேன். என்ன பண்ணணும்?
வாசகர், அறந்தாங்கி

1977லேந்து நடக்குது, இப்போ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல. எல்லா புத்தகத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. முடிஞ்சா பொங்கல் லீவுல வராதீங்க, கூட்டம் தள்ளும், சாதாரண நாள்ல மத்தியானமா வாங்க. செருப்பு நல்லதா போட்டுக்குங்க, துணிப்பை ரெண்டு எடுத்துக்குங்க. மொத சுத்துல வாங்காதீங்க, ஒரு சுத்து பாத்துட்டு டீ குடிச்சுட்டு, எந்தப் புத்தகம் இன்னும் ஞாபகத்துல இருக்கோ அதை மட்டும் திரும்பிப் போயி வாங்குங்க.

அதுவரைக்கும் நேரம் நெறைய இருக்கு. நெடுநல்வாடையை என்னோட சேந்து ஆரம்பிக்கறவங்க ஒரு போஸ்ட் கார்டு போடுங்க, உங்க ஊர்ல பிச்சி எத்தனை மணிக்கு விரியுதுன்னும் எழுதுங்க.