பால்போல் வெளுத்த எப்பாக்ஸி: தெளிவும் உறுதியும் ஒன்றாகக் கிடைக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: எப்பாக்ஸி ரெசினில் (இறுகிக் கெட்டிப் பிளாஸ்டிக்காகும் திரவத்தில்) திரவ ரப்பரைக் கலந்து வார்த்தீர்கள். கலக்கும்போது கரைசல் தெளிவாகத்தான் இருந்தது. சூடேற்றி இறுகவிட்டதும் பால்போல் வெளுத்துவிட்டது. வார்ப்பு முன்புபோல் சட்டென்று உடைவதில்லை, ஆனால் மறுபக்கம் எதுவும் தெரியவில்லை. தெளிவும் உறுதியும் ஒன்றாகக் கிடைக்குமா? ‘உள்ளமைப்பைக் கட்டுப்படுத்துவது’ என்று படித்திருக்கிறீர்கள், நடைமுறையில் அது என்ன?

கிடைக்கும். இறுகும் ரெசின்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதே வெள்ளை வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். தெளிவான பிளாஸ்டிக் என்றால் உள்ளே எல்லா இடமும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே துளிகள், இழைகள், அடுக்குகள் எதுவும் இருக்கலாம். அவை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருந்தால் போதும், கண்ணுக்கு அந்தப் பொருள் தெளிவாகவே தெரியும். நாம் காணும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். நீங்கள் கலந்த வகைத் திரவ ரப்பர், எப்பாக்ஸிக்குள் பெரும்பாலும் அரை மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை பருமனுள்ள துளிகளாகப் பிரியும். அதாவது 500 நானோமீட்டரும் அதற்கு மேலும். ஒளியைச் சிதறடிக்க இதைவிடப் பொருத்தமான பருமன் வேண்டியதில்லை.

சிதறலைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: துளிக்கும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்குக்கும் இடையே ஒளிவிலகல் எண்ணில் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்ணில்) உள்ள வேறுபாடு, துளியின் பருமன். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளிகளுக்கு நுண்துகள்களின் ஒளிச்சிதறலைச் சொல்லும் ராலே கணக்கு பொருந்தும். கலந்த ரப்பரின் மொத்த அளவு மாறாமல் இருக்க, துளியின் விட்டம் 100 நானோமீட்டரிலிருந்து 20 நானோமீட்டராகக் குறைந்தால், சிதறல் 125-இல் ஒரு பங்காகிவிடும். விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு (விட்டம் × விட்டம் × விட்டம்) அது ஏறி இறங்குகிறது. ஒளிவிலகல் எண் வேறுபாட்டைப் பாதியாக்கினால் சிதறல் நான்கில் ஒரு பங்காகும். இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.

இருந்தாலும் பலரும் முதலில் தட்டுவது மற்றக் கதவைத்தான், நானும் அப்படித்தான். ஒளிவிலகல் எண்களை ஒன்றாக்கிவிட்டால் துளி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒளிக்குத் தெரியாது. தெளிவான பிவிசி பாட்டில்களில் இந்த உத்தி நெடுங்காலமாக நன்றாகவே வேலை செய்கிறது: பியூட்டாடையீன் ரப்பரோடு ஸ்டைரீனை அளந்து சேர்த்து, ரப்பர் துகளின் எண்ணை பிவிசியின் எண்ணான ஏறத்தாழ 1.54-க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆனால் ரப்பர் சூட்டில் விரிவடையும் அளவு, கெட்டியான பிளாஸ்டிக் விரிவடையும் அளவைவிட அதிகம். விரிவடைந்தால் அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்தால் ஒளிவிலகல் எண்ணும் குறையும். ஆகவே அறை வெப்பத்தில் பொருந்திய எண்கள் 60 டிகிரியில் பொருந்தா. காலையில் பளிங்காக இருந்த தகடு, வெயிலில் வைத்தவுடன் மங்குவதைப் பார்த்த பிறகு அந்த வழியை நான் கைவிட்டேன். ஒரே வெப்பநிலையில் பயன்படும் பொருளுக்கு அது போதும். உழைக்க வேண்டிய பொருளுக்குப் பருமனைக் குறைப்பதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் உங்கள் துளிகள் ஏன் பெரிதாயின? இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது.

கலந்த நேரத்தில் ரெசின் மூலக்கூறுகள் சிறியவை. சிறிய மூலக்கூறுகளுக்கிடையே ரப்பர் கரைந்து நிற்கும். ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் பொருள்) வேலை செய்யத் தொடங்கியதும் ரெசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. பெரிதாகப் பெரிதாக, ரப்பரைத் தங்களுக்குள் கரைத்து வைத்திருக்கும் ஆற்றலை இழக்கின்றன. ஒரு கட்டத்தில் ரப்பர் வெளியே தள்ளப்பட்டு நுண்துளிகளாகப் பிரிகிறது. அந்தத் துளிகள் நகர்ந்து, மோதி, சேர்ந்து பெரிதாகத் தொடங்குகின்றன. அதே நேரம் ரெசினும் கெட்டியாகிக்கொண்டே போய் ஓட முடியாத ஜெல் நிலையை அடைகிறது. ஜெல் ஆன பிறகு துளிகளால் நகர முடியாது. அந்தக் கணத்தில் இருந்த உருவம் அப்படியே உறைந்துவிடும். ஆக, பிரிதலுக்கும் இறுகுதலுக்கும் இடையே ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. உங்கள் வார்ப்பின் வெண்மை அந்தப் பந்தயத்தின் முடிவு.

சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் ஜெல் ஆகித் துளிகள் சிறியதாகவே உறையும் என்று தோன்றும். வினை விரைவாகும் என்பது உண்மைதான். ஆனால் சூட்டில் கலவை நீர்த்தும் போகும், துளிகள் இன்னும் எளிதாக நகரும். எது வெல்லும் என்பது ரெசினையும் ஹார்டனரையும் பொறுத்தது. ஒரே கலவையில் சூட்டைக் கூட்டக் கூட்டத் துளிகள் முதலில் பெருத்துப் பிறகு சிறுத்ததையும் பார்த்திருக்கிறேன். தடித்த வார்ப்பில் இன்னொரு தொல்லை சேரும்: வினையே சூட்டை உண்டாக்குவதால் நடுப்பகுதி ஓரத்தைவிட வெகுவாகச் சூடேறும். நான் வார்த்த தடித்த கட்டி ஒன்றில் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்தும், நடுவில் மட்டும் ஒரு மேகம் தங்கியும் இருந்தது. கலவை ஒன்றுதான், அச்சும் ஒன்றுதான். உள்ளே இரண்டு வேறு பந்தயங்கள் நடந்திருந்தன.

எனவே பந்தயத்தை விரைவுபடுத்திப் பார்ப்பதைவிட, அது தொடங்குவதற்கு முன்பே பருமனைத் தீர்மானித்துவிடுவது மேல். பிளாக் கோபாலிமர் என்ற பொருளால் இது முடிகிறது. இரண்டு வெவ்வேறு பாலிமர் சங்கிலிகளை நுனியோடு நுனி பிணைத்த ஒற்றைச் சங்கிலி என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதிக்கு எப்பாக்ஸியைப் பிடிக்கும், மறு பாதிக்குப் பிடிக்காது. பிடிக்காத பாதிகள் ஒன்றுகூடி உருண்டையாகச் சுருளும். பிடித்த பாதிகள் அதைச் சுற்றி ரெசினுக்குள் கைநீட்டி நிற்கும். இரண்டும் வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டிருப்பதால் உருண்டை சங்கிலியின் நீளத்துக்கு மேல் பெரிதாக வழியே இல்லை. சங்கிலி நீளத்தைத் தேர்ந்தெடுத்தால் துளியின் பருமனைத் தேர்ந்தெடுத்ததாகும். ‘உள்ளமைப்பைக் கட்டுப்படுத்துவது’ என்பதன் நேரான பொருள் இதுதான்.

1997-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் ஹில்மையர், பிராங்க் பேட்ஸ் ஆகியோரின் குழு இதை எப்பாக்ஸியில் செய்து காட்டியது. எப்பாக்ஸியில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு ஒரு பாதி, கரையாத ஹைட்ரோகார்பன் சங்கிலி மறு பாதி. இறுகுவதற்கு முன்பே நானோ அளவில் அமைப்பு உருவாகிவிட்டது. இறுகிய பிறகும் அது கலையவில்லை. வலைப்பின்னல் வளரும்போது கரையும் பாதிகூட ஓரளவு வெளியே தள்ளப்பட்டாலும், பெரிய துளிகளாகப் பிரிதல் நிகழவில்லை. அந்த ஆய்வை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. நான் மாதக்கணக்கில் அடுப்பு வெப்பநிலையை மாற்றி மாற்றித் தேடியதை அவர்கள் சங்கிலியின் வடிவத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இவ்வளவு சிறிய உருண்டை உடைவதைத் தடுக்குமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம், வர வேண்டும். பெரிய ரப்பர் துளி வேலை செய்யும் முறை இது: விரிசலின் முனையில் இழுவிசை குவியும்போது துளிக்குள் குழி விழுகிறது, அதனால் சுற்றியுள்ள எப்பாக்ஸி கட்டவிழ்ந்து நெளிய இடம் கிடைக்கிறது, அந்த நெளிவில்தான் ஆற்றல் செலவாகிறது. மிகச் சிறிய துளிகளில் குழி விழாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் ஏறத்தாழ 15 நானோமீட்டர் உருண்டைகளிலும் குழி விழுவதை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு காட்டியது. உருண்டையைவிட நீண்ட புழுபோன்ற வடிவம் இன்னும் நன்றாக விரிசலைத் தாங்கும். எடையில் 5 விழுக்காடு சேர்த்தாலே வேறுபாடு கையில் தெரியும். ஒரு நிபந்தனை உண்டு: நெளிய வேண்டியது எப்பாக்ஸி. சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகள் மிக நெருக்கமாக இருந்தால் அதனால் நெளிய முடியாது, எந்த ரப்பரும் அதைக் காப்பாற்றாது. கடினத்தன்மைக்காகக் குறுக்குப் பிணைப்பைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு ரப்பர் பயன்தரவில்லை என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி என் வாழ்க்கையில் இரண்டு மாதத்தை விழுங்கிய ஒரு பிழையைச் சொல்கிறேன். பிளாக் கோபாலிமர் கலந்து வார்த்த என் முதல் தகடுகள் தெளிவாக இருந்தன, ஆனால் மெல்லிய மஞ்சள் சாயல். அமீன் ஹார்டனர் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாவது எல்லாரும் அறிந்தது. நானும் அதுதான் என்று எண்ணி ஹார்டனரை மாற்றினேன், நைட்ரஜனில் இறுகவிட்டேன், சூட்டைக் குறைத்தேன். மஞ்சள் போகவில்லை. ஒரு நாள் தற்செயலாகத் தகட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்தேன். இலேசான நீலமாகத் தெரிந்தது. அது சாயமே அன்று, சிதறல். சிறு துளிகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், எனவே ஊடே வரும் ஒளியில் நீலம் குறைந்து மஞ்சள் தெரியும். வானம் நீலமாகவும் மாலைச் சூரியன் சிவப்பாகவும் தெரிவதற்கு உரிய அதே காரணம். சில உருண்டைகள் ஒன்றுகூடித் திரள்களாகியிருந்தன. கரையும் பாதியைச் சற்று நீளமாக்கியதும் மஞ்சள் மறைந்தது. ஆகவே மஞ்சள் தெரிந்தால் ஹார்டனரைத் திட்டுவதற்கு முன் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். நீலம் தெரிந்தால் குற்றம் உள்ளமைப்பில். அங்கேயும் மஞ்சளாகவே இருந்தால் வேதியியலில்.

நீடித்து உழைப்பது தனிக் கதை. வார்த்த அன்று தெளிவாக இருப்பது பாதி வேலைதான். பியூட்டாடையீன் ரப்பரில் இரட்டைப் பிணைப்புகள் மீதமிருப்பதால் வெயிலும் காற்றும் பட்டு அது கெட்டியாகும். வெளியில் பயன்படும் பொருளுக்கு, அத்தகைய பிணைப்புகள் இல்லாத பியூட்டைல் அக்ரிலேட் ரப்பர் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாலிஎத்திலீன் ஆக்சைடுக்குத் தண்ணீர் மேல் ஆசை. ஈரத்தை உறிஞ்சி உட்பகுதி வீங்கினால் தெளிவும் போகும், கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையும் (கெட்டியான பிளாஸ்டிக் ரப்பர்போல் இளகும் வெப்பநிலை) இறங்கும். எப்பாக்ஸியே எடையில் ஒன்றிரண்டு விழுக்காடு நீரை ஏற்கும் என்பதை மறக்க வேண்டாம். அரோமாட்டிக் வகை (பென்சீன் வளையம் கொண்ட) எப்பாக்ஸி புற ஊதா ஒளியில் மஞ்சளாவதை எந்த நானோ அமைப்பும் தடுக்காது. அதற்கு ரெசினையே மாற்ற வேண்டும், அல்லது புற ஊதா உறிஞ்சியைச் சேர்க்க வேண்டும்.

ஒளியால் இறுகும் அக்ரிலேட்டுகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் ரப்பர் சேர்க்காமலேயே உள்ளமைப்புச் சிக்கல் உண்டு: வினை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஜெல் ஆகிவிடும், அடர்ந்த முடிச்சுகளும் தளர்ந்த இடைவெளிகளுமாக வலை சீரற்றுப் போகும், சுருக்கமும் அதிகம். கந்தகம் கொண்ட தயால்களை இரட்டைப் பிணைப்புகளோடு இணைக்கும் தயால்-ஈன் முறை படிப்படியாக வளர்வதால் வலை சீராக அமையும். அவ்வளவுதான் இங்கே சொல்ல முடியும்.

அவசரம் இந்தத் துறைக்கு ஆகாது என்பதற்கு மூக்குக் கண்ணாடி வில்லையே சாட்சி. 1940-இல் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தின் கிளை நிறுவனத்தில் உருவான சிஆர்-39 ரெசின், இறுகும்போது கன அளவில் சுமார் 14 விழுக்காடு சுருங்கும். அதை விரைந்து இறுகவிட்டால் உட்தகைவு (உள்ளே தேங்கி நிற்கும் இறுக்க விசை) ஏறி வில்லை பிளந்துவிடும். அதனால்தான் இன்றும் அதை மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள். உங்கள் வார்ப்புக்கும் அதே முறையைப் பரிந்துரைக்கிறேன்: குறைந்த சூட்டில் ஜெல் வரும் வரை பொறுத்திருங்கள், பிறகு படிப்படியாக ஏற்றுங்கள், கடைசியில் முழுமையாக இறுகிய ரெசினின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்று மேலே வைத்து முடித்து, மெதுவாக ஆறவிடுங்கள்.

அடுத்த வார்ப்பில் இதைச் செய்து பாருங்கள். ரப்பரே சேர்க்காத ஒரு தகடு, திரவ ரப்பர் 5 விழுக்காடு சேர்த்த ஒரு தகடு, பிளாக் கோபாலிமர் 5 விழுக்காடு சேர்த்த ஒரு தகடு; மூன்றும் ஒரே தடிமன், ஒரே சூடு. மூன்றையும் குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கித் தகடுகளுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளுக்கு) நடுவே பிடித்து உட்தகைவைப் பாருங்கள், வண்ணப் பட்டைகள் தெரிந்தால் இன்னும் மெதுவாக ஆறவிட வேண்டும். மங்கலை அளக்கும் கருவி கிடைத்தால் 2.5 டிகிரிக்கு மேல் விலகும் ஒளியின் பங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊடுருவும் ஒளி 91 அல்லது 92 விழுக்காட்டில் நின்றால் கவலை வேண்டாம். மீதி இரண்டு பரப்புகளிலும் எதிரொளித்துப் போவது, அது உங்கள் குறையன்று. பிறகு மூன்றையும் ஒரு வாரம் வெந்நீரில் போட்டு வைத்து மறுபடி அளங்கள். அந்த இரண்டாவது எண்களை இங்கே எழுதுங்கள், அவற்றைப் பார்த்து எந்தச் சங்கிலியை மாற்றுவது என்று பேசுவோம்.