சாயமும் வெளிச்சமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாமனாரின் தறியில் நெய்யும் பெட்ஷீட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். சிவப்பு எடுப்பாகத் தெரியட்டும் என்று சாச்சுரேஷனைக் கூட்டினால் பெயின்ட் பூசியதுபோல ஆகிறது. பிரைட்னஸைக் கூட்டினால் வெளுத்துப்போகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
- வாசகி, சென்னிமலை

பதில்: தறி இருக்கிற வீடு, அதனால் சாயத்தை வைத்தே சொல்கிறேன் அம்மணி. வெள்ளை நூலைச் சிவப்புச் சாயத்தில் லேசாக முக்கி எடுத்தால் ரோஸ். நன்றாக ஊறவிட்டு எடுத்தால் அடர் சிவப்பு. நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் சாச்சுரேஷன். அதே சிவப்புப் பெட்ஷீட்டைக் குழித்தறி அறையின் அரையிருட்டில் பாருங்கள், அப்புறம் வாசலில் விரித்துப் பாருங்கள். சாயம் அதேதான், வெளிச்சம்தான் மாறியிருக்கிறது. அது பிரைட்னஸ்.

வெளுத்துப்போவது ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. உங்கள் பார்டரின் சிவப்பு 200, 50, 60 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் பெரியது 200, அதுதான் பிரைட்னஸின் அளவு. பெரியதற்கும் சிறியதற்கும் இடைவெளி 150. 200-இல் 150 என்றால் சாச்சுரேஷன் 75 சதவீதம். இப்போது செயலி மூன்றிலும் 50-ஐக் கூட்டினால் 250, 100, 110 ஆகும். இடைவெளி அதே 150, ஆனால் 250-இல் 150 என்பது 60 சதவீதம்தான். சாச்சுரேஷனை நீங்கள் தொடவே இல்லை, ஆனாலும் சாயம் இறங்கிவிட்டது. கூட்டாமல் மூன்றையும் ஒன்றேகால் மடங்காகப் பெருக்கினால் 250, 62, 75 வரும். வெளிச்சம் ஏறும், 75 சதவீதம் அப்படியே நிற்கும். எக்ஸ்போஷர் என்ற ஸ்லைடர் பெரும்பாலும் இந்தப் பெருக்கல் வழியில் போகும். அதனால் படம் மங்கலாக இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள்.

பெயின்ட் பூசியதுபோல ஆவது வேறு காரணம். சாச்சுரேஷனை ஏற்றிக்கொண்டே போனால் சிவப்பு 255-ஐ முட்டி நிற்கும், மற்ற இரண்டும் 0-இல் போய் உட்காரும். பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் இருந்த சின்னச் சின்ன வித்தியாசங்கள் எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். நெசவே மறைந்துபோகும். கைத்தறிக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் எது?

ஈரோட்டில் ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் ஒரு ஜவுளிக் கடைக்காக மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றைப் படம் எடுத்து, சாச்சுரேஷனைத் தாராளமாக ஏற்றிக் கொடுத்தேன். கடைக்காரருக்கு ரொம்பச் சந்தோஷம். வாங்கியவர்கள் “படத்துல இருந்த மஞ்சள் இது இல்லீங்க” என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். தவறு என்னுடையது, திட்டு வாங்கியது அவர். அன்றிலிருந்து துணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் நான் நிறத்தைத் தொடுவதில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். டியூப்லைட் வேண்டாம், காலை வெயில் நேராக விழாத வாசல் நிழல் போதும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். ஒயிட் பேலன்ஸில் அந்தத் தாளை வெள்ளையாக்குங்கள், பிறகு எக்ஸ்போஷர், கடைசியில்தான் சாச்சுரேஷன். 5 அல்லது 10-க்கு மேல் போக வேண்டியிருக்காது. பார்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள், இழை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கூட்டியதைக் குறைத்துவிடுங்கள். எடிட் செய்யும்போது போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், அது எல்லா நிறத்தையும் பொய்யாகக் காட்டும்.

கேள்வி: ஜமுக்காளப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கச் சாச்சுரேஷனை அடியோடு குறைத்தேன். மஞ்சள் பட்டையும் நீலப் பட்டையும் ஒரே சாம்பலாகிவிட்டன. ஏன்?
- வாசகர், பவானி

பதில்: பல மென்பொருள்களில் அந்த ஸ்லைடர் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்குகிறது. முழு மஞ்சள் 255, 255, 0. முழு நீலம் 0, 0, 255. இரண்டுக்குமே பாதி கிட்டத்தட்ட 128 வருகிறதல்லவா? நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. திரை வெளிச்சத்தில் 100 பங்கு என்றால் பச்சைக்கு 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. அந்தக் கணக்கில் மஞ்சள் 93, நீலம் 7. கறுப்பு வெள்ளை அல்லது கிரேஸ்கேல் என்று தனியாக இருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், பட்டைகள் தனித்தனியாகத் தெரியும்.

கேள்வி: கல்யாணப் படத்தில் பின்னால் இருக்கும் வயல் பச்சையை ஏற்றினால் பொண்ணு மாப்பிள்ளை முகம் ஆரஞ்சாகிறது. என்ன செய்வது?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சாச்சுரேஷனை விட்டுவிட்டு வைப்ரன்ஸைத் தொடுங்கள். ஏற்கெனவே அடர்ந்த நிறங்களை அது அதிகம் ஏற்றாது, மங்கிய நிறங்களைத்தான் தூக்கும். தோல் நிறத்திலும் கை அவ்வளவாக வைக்காது. அதுவும் போதாவிட்டால் பச்சை நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். நலங்கு மஞ்சள் பூசிய படமாக இருந்தால் மட்டும் மஞ்சளைத் தொட வேண்டாம், முகத்தின் நிறமே அதில்தான் இருக்கிறது.