மகள் கண்டுபிடித்த பிழையும் உங்கள் அண்ணன் சொல்லும் படிப்பும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுப் பட்டப்படிப்பில் பெருங்கட்டணம் கட்டி மகளைச் சேர்க்கும்படி உங்கள் அண்ணன் வற்புறுத்துகிறார். மகளோ செல்போன் செயலிகளில் பிழை தேடுவதிலேயே பொழுதைக் கழிக்கிறாள். அண்ணனின் பேச்சு உங்களைக் கலங்கடித்திருக்கிறது. எனக்கு இரண்டாவது செய்திதான் பெரிதாகப் படுகிறது.

ஒரு செயலியின் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் போனைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடுகிறது என்று அவள் படிப்படியாகக் குறித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டில் திரை திரும்பும்போது வழக்கமாக அந்தப் பக்கம் கலைக்கப்பட்டுப் புதிதாக உருவாகும். நிரலாளர் பழைய நிலையைச் சேமிக்க மறந்தால் தரவு போய்விடும். யாரும் சொல்லித் தராமலே அந்த இடத்தில் அவள் கை வைத்திருக்கிறாள்.

இதே சோதனையை நிரலாக எழுதி, செயலி மாறும்போதெல்லாம் பல போன்களில் தானாக ஓடவிடுவதுதான் தானியங்கிச் சோதனை. ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் எஸ்ப்ரெஸ்ஸோ என்ற சோதனைக் கருவி இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப்பியம் என்ற கருவி இருக்கிறது. இரண்டும் இலவசம். ஐபோன் பக்கம் போக மேக் கணினி தேவைப்படும். ஆகவே ஆண்ட்ராய்டில் தொடங்கட்டும்.

எழுதிய சோதனையைப் பராமரிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. பொத்தானைத் திரையின் அடுக்கமைப்பை வைத்துத் தேடும் சோதனை, வடிவமைப்பு சற்று மாறினாலே உடைந்துவிடும். பொத்தானுக்கென்று தனி அடையாளம் கொடுத்திருந்தால் தாக்குப்பிடிக்கும். நிரலில் எதுவும் மாறாமலே சில சோதனைகள் இன்று தேறும், நாளை தோற்கும். திரை வரும்வரை காத்திருக்காமல் 'இரண்டு நொடி பொறு' என்று எழுதியிருப்பது அதற்கு அடிக்கடி காரணமாகிறது. அதைத் துருவிக் கண்டுபிடிக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

செயலியும் சும்மா இருந்தால் பழுதாகும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, அறிவிப்பு அனுப்பப் பயனரிடம் அனுமதி பெறவேண்டும் என்றது. அனுமதி கிடைக்காத செயலிகளின் அறிவிப்புகள் நின்றன. இப்படி ஒவ்வொரு பதிப்புக்கும் ஏதாவது மாறும். அதை யாராவது சோதித்தே ஆகவேண்டும்.

'டெஸ்டிங் என்பது நிரல் எழுதத் தெரியாதவர்களின் வேலை' என்கிறாராம் அண்ணன். கையால் மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் வளர்ச்சி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஜாவா, கோட்லின், பைத்தான் ஆகிய நிரல் மொழிகளில் ஒன்றை அவள் ஆழமாகக் கற்கவேண்டும் என்கிறேன். தானாகச் சோதனை எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. எதைச் சோதிப்பது, தோல்வி செயலியுடையதா சோதனையுடையதா என்று தீர்மானிக்க இன்னமும் ஆள் வேண்டும்.

கடன் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உங்கள் கைக்கு எட்டும் கட்டணத்தில் ஒரு சாதாரணக் கணினி அறிவியல் பட்டம் போதும். சில மாதங்களில் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்கும் பணம் கட்டவேண்டாம். மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐஎஸ்டிக்யூபி என்ற பன்னாட்டு அமைப்பின் அடிப்படைச் சான்றிதழை, 40 கேள்விகளில் 26 சரியாக எழுதினால் பெற்றுவிடலாம். அதைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் பார்த்துக்கொள்ளலாம்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது என்று பதறியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். இந்த வாரம் அவள் செயலி எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மென்பொருளைக் கணினியில் நிறுவி, அந்தப் படிவப் பிழையைப் பிடிக்கும் சோதனை ஒன்றைத் தன் சிறு மாதிரிச் செயலியில் எழுதிப் பார்க்கட்டும். எழுதி முடித்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அண்ணனும் வருவதானால் வரட்டும், ஆனால் முதலில் அவள் பேசட்டும்.