பால் காய்ச்சும் வரை வீட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: அக்கா, டோங்காட்டில் நானும் மச்சானும் மூன்று வருடமாக, பணம் சேரச் சேர, வீடு கட்டி வருகிறோம். கூரை, கதவு, ஜன்னல் முடிந்தது. டைல்ஸும் பெயின்டும்தான் பாக்கி. தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோகிறோம். இப்போதே வீட்டு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? பிரீமியம் குறைவாக இருப்பதை எடுத்தால் போதுமா?
– வாசகர், டோங்காட் (டர்பன் அருகே, தென்னாப்பிரிக்கா)

பதில்: தம்பி, உங்கள் வீடு இப்போது இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறது. சாதாரண வீட்டு பாலிசி, கட்டி முடித்து ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு எழுதியது. கட்டுகிற காலத்துக்கு கான்ட்ராக்ட் வொர்க்ஸ் பாலிசி என்று தனியாக உண்டு. முதலாவது எந்தத் தேதியில் தொடங்கும், இரண்டாவது எந்தத் தேதியில் முடியும், நடுவில் ஒரு நாளாவது விட்டுப்போகிறதா என்று புரோக்கரிடம் கேளுங்கள். பதில் இமெயிலில் வரட்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் வெருலத்தில் கட்டியபோது இதே மாதிரி தைக்காகக் காத்திருந்தேன். மார்கழியில் நாம் குடிபோக மாட்டோம், டிசம்பர் நடுவிலிருந்து வேலையாட்களும் லீவில் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆக வீடு காலியாகக் கிடக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். செம்புக் குழாயோடு கீசரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சூரன்ஸில் கிளெயம் போட்டால், "குடியிருக்காத வீடு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. போனில் "எல்லாம் கவர் ஆகும்" என்று சொன்ன பையன் அதற்குள் வேலையை விட்டே போயிருந்தான்! பல பாலிசிகளில் 30 நாளோ 60 நாளோ தொடர்ந்து ஆளில்லை என்றால் திருட்டுக்குப் பணம் கிடையாது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது தொகை. நீங்களும் மச்சானும் கைப்பட உழைத்ததால் 12 லட்சம் ரேண்டில் முடிந்தது என்று வையுங்கள். நாளைக்கு இடிந்தால் கான்ட்ராக்டர் வைத்துத்தானே கட்ட வேண்டும், இடிபாடு அள்ளுகிற கூலியும் சேர்ந்து 16 லட்சம் ஆகலாம். 12க்கு எழுதியிருந்தால், அது 16ல் முக்கால் பங்குதான், அதனால் 4 லட்சம் சேதத்துக்கும் முக்கால் பங்காக 3 லட்சம்தான் வரும், மீதியை ஆவரேஜ் என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள். அதனால் செலவழித்த கணக்கை விட்டுவிட்டு, திரும்பக் கட்ட ஆகிற கணக்கை எழுதுங்கள். நிலத்தின் விலை இதில் சேராது.

உங்கள் ஊரில் 2024 ஜூன் 3 அன்று சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்ததை நான் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கம் மேட்டு நிலங்கள் எத்தனை சரிந்தன! சரிவில் கட்டியிருந்தால் மண் தாங்கும் சுவரும் மண்சரிவும் பாலிசிக்குள் வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கைவிரிப்பார்கள். 2021 ஜூலை மாதிரி கலவரத்துக்கு, அரசு இன்சூரன்ஸ் நிறுவனமான சாஸ்ரியாவின் கவர் வேண்டும், அது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மோசமான வேலையால் வருகிற விரிசலுக்கு எந்த வீட்டு பாலிசியும் பணம் தராது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

வயரிங் சரியாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் தரும் சிஓசி சர்டிஃபிகேட், கூரைக்கு எஞ்சினியர் கையெழுத்து, குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் ஆக்குபேஷன் சர்டிஃபிகேட் மூன்றும் கையில் இருக்கட்டும். கிளெயம் என்று போனால் இவற்றைத்தான் கேட்பார்கள்.

பிரீமியம் குறைவு என்றால் எக்ஸெஸ், அதாவது கிளெயமில் நீங்களே போட வேண்டிய பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். கீசர் வெடித்தாலே முதல் சில ஆயிரம் ரேண்ட் உங்கள் பையிலிருந்து போகும் என்றால், மாதம் மிச்சம் பிடித்த நூறு ரேண்டு எந்த மூலைக்கு?