பாதி விலைக்கு ஒமேகா: மாப்பிள்ளைக்குப் போடலாமா?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒமேகா சீமாஸ்டர் வாட்ச் போடுவதாகப் பேச்சு. தெரிந்த புரோக்கர் ஒருவர், ‘துபாய் சரக்கு, கட்டாத புதுசு, பாக்ஸ், கார்டு எல்லாம் இருக்கு’ என்று 2,40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கடை விலையில் பாதிகூட இல்லை. பில் கிடையாது, ரொக்கமாக வேண்டும் என்கிறார். நொடி முள் வழுக்கிக்கொண்டு ஓடுவதால் அசல்தான் என்கிறார்கள். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். வாட்ச்சை நான் பார்க்கவில்லை, பார்க்க அவசியமும் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே எல்லாம் இருக்கிறது.

முதலில் அந்த நொடி முள். பேட்டரி வாட்ச்சில் முள் நொடிக்கொரு முறை தாவும், மெக்கானிக்கலில் வழுக்கி ஓடும். காப்பி என்றாலே உள்ளே பேட்டரி மெஷின் இருந்த காலத்தில் இதை வைத்துப் பிரித்தோம். இப்போது காப்பியிலும் பேட்டரி இல்லாத ஆட்டோமேட்டிக் மெஷின்தான். தாவினால் போலி என்பதும் பொய். டேக் ஹாயர் ஃபார்முலா 1-இல் குவார்ட்ஸ், அதாவது பேட்டரி மெஷின், உண்டு, ஒமேகா கான்ஸ்டலேஷனில் உண்டு. ரோலெக்ஸே 1977-இல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று பேட்டரி வாட்ச் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1950-களில், ட்ரூ-பீட் என்று ஒரு ரோலெக்ஸ். பேட்டரியே கிடையாது, ஆனாலும் முள் டக் டக்கென்று தாவும். உங்கள் கேள்விக்கு இது தேவையில்லைதான். ஆனால் அப்பா விட்டுப்போன ஆய்ஸ்டர்குவார்ட்ஸை, ‘முள் தாவுது, டூப்ளிகேட்’ என்று யாரோ சொன்னதை நம்பி ஐயாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்தவன் நான். அதனால் எங்கே போனாலும் இதைச் சொல்லிவிடுவேன்.

வெறும் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. இப்போது கடையில் இருக்கும் 42 மில்லிமீட்டர் சீமாஸ்டர் டைவரின் உள்ளே 8800 என்ற மெஷின். அது மணிக்கு 25,200 தடவை துடிக்கும், நொடிக்கு 7. காப்பியில் வழக்கமாகப் போடும் மலிவு மெஷினுக்கு 28,800, நொடிக்கு 8. துடிப்பை எண்ணும் டைமிங் மெஷின் என்ற கருவி மேல் வைத்தால் அரை நிமிஷத்தில் எண் வந்துவிடும். 28,800 என்று காட்டினால் பேச்சே இல்லை, போலி. 25,200 காட்டினால்? நல்ல காப்பிகளில் அதையும் சரிசெய்துவிட்டார்கள். பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் புரோக்கர் சம்மதிப்பாரா?

‘பாக்ஸ், கார்டு இருக்கே’ என்பீர்கள். காலி பாக்ஸ் தனியாக விலைக்கு வருகிறது, கார்டும் வருகிறது. வாட்ச்சில் உள்ள சீரியல் நம்பரை நெட்டில் தட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது என்பார்கள். ஒரு அசல் வாட்ச்சின் நம்பரை ஆயிரம் காப்பியில் வெட்டலாம். திருட்டு வண்டிக்கு வேறொரு வண்டியின் நம்பர் பிளேட் மாட்டுவதைப் போலத்தான்; நம்பர் நிஜம், வண்டி வேறு.

இப்போது அந்தத் துபாய்க் கதை. முப்பது வருஷமாகக் கேட்கிறேன். ஊர் மட்டும்தான் மாறும், சிங்கப்பூர், துபாய், பாங்காக். கஸ்டம்ஸ் கட்டாததால் விலை குறைவு, அதனால்தான் பில் இல்லை. ஒரே கதையில் இரண்டு சந்தேகமும் அடங்கிவிடுகிறது. மூன்றாவதாக ஒரு வேலையும் செய்கிறது: கடத்தல் சரக்கு என்று தெரிந்தே வாங்கியதால் நீங்களும் பாதிக் குற்றவாளி. ஏமாந்தது தெரிந்த பிறகு எந்த முகத்தோடு ஸ்டேஷனுக்குப் போவீர்கள்? அந்த ஆளுக்கு வேண்டியது அதுதான். ரொக்கமும் அப்படியே. ஒரு வியாபாரத்துக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைக் கைநீட்டிப் பெற்றவருக்கு அதே தொகை அபராதம். அதற்குத் துணிகிறவர் உங்கள் சௌகரியத்துக்காகவா துணிகிறார்?

சரி, புகார் கொடுக்கத் துணிந்தீர்கள் என்றே வையுங்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறி (ட்ரேட்மார்க்) சட்டத்தில் போலி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி சோதனை போட்டுச் சரக்கைக் கைப்பற்ற டி.எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி வேண்டும். அவரும் முதலில் வணிகக் குறிப் பதிவாளரிடம் கருத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதம் வருவதற்குள் சரக்கு அங்கேயேவா இருக்கும்? நாலு கிராம் தங்கத் தோட்டுக்கு ஆறு எழுத்து ஹால்மார்க் எண் கொடுத்து, செல்போனிலேயே சரிபார்க்க வைத்திருக்கிறது அரசாங்கம். ஐந்து லட்ச ரூபாய் வாட்ச்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வரி வாங்க மட்டும் மறக்கவில்லை: 2025 ஏப்ரல் 22 முதல் பத்து லட்சத்துக்கு மேல் விற்கும் வாட்ச்சுக்கு விற்பவரே ஒரு சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும்.

இன்னும் மனசு கேட்கவில்லை என்றால் புரோக்கரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: ‘நீங்களும் வாங்க, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் சர்வீஸுக்கு எஸ்டிமேட் கேட்போம். அவர்கள் எடுத்துக்கொண்டால் அங்கேயே பேங்க்கில் பணம் போடுகிறேன்.’ அதற்குப் பிறகு அவர் உங்கள் போனை எடுத்தால் எனக்கு எழுதுங்கள்.

பட்ஜெட் 2,40,000-தான் என்றால் அந்தப் பணத்துக்கு லாஞ்சீன்ஸ் ஆட்டோமேட்டிக் ஒன்று அசலாகவே வரும். கம்பெனியின் வலைத்தளத்தில் டீலர் பட்டியல் இருக்கிறது. அதில் பெயருள்ள கடைக்கே போங்கள். வாட்ச்சில் உள்ள நம்பரும் வாரண்டி கார்டில் உள்ள நம்பரும் ஒன்றா என்று அங்கேயே லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே நம்பரைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். பில்லை மாப்பிள்ளை பெயரிலேயே போடச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு சர்வீஸுக்குக் கொண்டுபோகப் போகிறவர் அவர்தான்.